ஐந்தாம் ஆளின் சம்பளம்

கேலன் டிராபர் டயர் கடைக் கவுண்டரில் பில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவன் படித்த பல்கலைக்கழகம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. வெளியே பிப்ரவரிப் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஷூவில் ஒரு பொட்டு சேறு இல்லை. மார்பில் தங்க நிறப் பெயர்ப்பட்டை: டாக்டர் எவரெட் வின்ஸ்லோ, துணைத் தலைவர், பட்டதாரி வெற்றித் துறை, மவுண்ட் கில்பர்ட் பல்கலைக்கழகம்.

கேலன் பேனாவைக் கீழே வைத்தான். இரண்டு மாதமாகக் கல்விக் கடன் தவணை கட்டவில்லை. ஆள் அனுப்புவார்கள் என்று தெரியும். துணைத் தலைவரையே அனுப்புவார்கள் என்று தெரியாது.

"சார், வர்ற வெள்ளிக்கிழமை சம்பளம் வந்துரும். வந்த உடனே..."

"கேலன்!" வின்ஸ்லோ இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸைப் பொருட்படுத்தவில்லை. "உங்கள எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா? நீங்கதான் அந்த அஞ்சாவது ஆள்!"

காருக்கு அடியில் படுத்திருந்த முதலாளி டுவெய்ன் தலையை வெளியே நீட்டினார். "மத்த நாலு பேரையும் புடிச்சிட்டீங்களா?"

வின்ஸ்லோ சிரித்தார். அவருக்கு எல்லாச் சிரிப்பும் ஒரே அளவு. பிறகு நின்றபடியே விளக்கினார்.

நாலு வருடத்துக்கு முன் வணிகப் பொருளியல் பட்டம் வாங்கியவர்கள் முப்பத்தொரு பேர். 'இப்போது என்ன சம்பாதிக்கிறீர்கள்?' என்று பல்கலைக்கழகம் கேட்டதற்குப் பதில் போட்டவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவனுடைய சம்பளம்தான் அந்தப் படிப்பின் சம்பளம். அதுதான் இணையதளத்தில் போகும், பெற்றோர் கையில் போகும், நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் போகும். மேலே நாலு பேர், கீழே நாலு பேர், நடுவில் கேலன்.

"வருஷத்துக்கு முப்பத்திநாலாயிரம் டாலர்." வின்ஸ்லோவின் குரல் இறங்கியது. துக்க வீட்டில் பேசுவது போல இருந்தது. "இந்த எண்ணப் பாத்துட்டு எங்க தலைவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடல."

"எனக்கும் மாசக் கடைசில அப்படி ஆகும் சார்."

"போட்டிக் கல்லூரிகள் எல்லாம் அம்பதுக்கு மேல காட்டுறாங்க. உங்க ஒருத்தர் சம்பளம் ஏறினா எங்க எல்லாருடைய தரமும் ஏறும். நாலு வருஷம் உங்களுக்காக நாங்க உழைச்சோம். இப்ப நீங்க கொஞ்சம் முயற்சி பண்ணக் கூடாதா?"

முயற்சி பல்கலைக்கழகத்திடமிருந்தே தொடங்கியது. வின்ஸ்லோ டுவெய்ன் பக்கம் திரும்பி, இந்த இளைஞனுக்குச் சம்பளத்தை இரண்டு மடங்காக்குவது நாட்டுக்கே நல்லது என்று எட்டு நிமிடம் பேசினார். டுவெய்ன் துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"இவனுக்கு நான் முப்பத்திநாலு குடுக்கிறதே இவன் அம்மா மூஞ்சிக்காக. பில்லுல கூட்டல் தப்பு வருது. நாலு வருஷம் என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

"கோட்பாடு," என்றார் வின்ஸ்லோ பெருமையாக.

*

மவுண்ட் கில்பர்ட்டைச் சுற்றி நாற்பது மைலுக்கு மலையே கிடையாது. சோளக்காடுதான். உயரமாக இருப்பது கட்டணம் ஒன்றுதான்.

அன்று மாலை அம்மா லோரெட்டா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் மிஞ்சிய சில்லி என்ற பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் கொண்டுவந்திருந்தாள். நெப்ராஸ்காவில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவார்கள். ரோலைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே தங்கை ஐவி இரண்டு அனுமதிக் கடிதங்களையும் மேஜையில் வைத்தாள். ஒன்று அரசுக் கல்லூரியில் பல் சுத்திகரிப்புப் படிப்பு. இரண்டு வருடம், கடன் சொற்பம். இன்னொன்று மவுண்ட் கில்பர்ட், வணிகப் பொருளியல்.

"பல்லப் பாரு ஐவி. எல்லாருக்கும் வாயில பல்லு இருக்கு. வேலை இருந்துகிட்டே இருக்கும்," என்றான் கேலன்.

"உனக்கு அந்தப் படிப்பு ஒத்து வரல. அதுக்காக எனக்கும் வராதா?"

"அதுக்கு இல்ல..."

"கடைசி வருஷம் முழுக்க வீடியோ கேம் விளையாடுனது யாரு? ஒரு கம்பெனிக்காவது ஒழுங்கா மனுப் போட்டியா? படிப்புல என்ன தப்பு இருக்கு, சொல்லு."

கேலன் ரோலைப் பிய்த்துக் குழம்பில் போட்டான். நூற்றுப் பதினேழு கம்பெனிகளுக்கு மனுப் போட்டிருந்தான். ஆனாலும் அவள் சொன்னதைத்தான் அவனும் தன்னைப் பற்றி நம்பியிருந்தான். படிப்பில் தப்பு இருக்க முடியாது. அவ்வளவு விலை உள்ள பொருளில் எப்படித் தப்பு இருக்கும்?

அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "சண்ட போடாதீங்க. ஐவி எங்க போனாலும் சரி. கேலனுக்காக நான் வாங்குன கடனே இன்னும் பத்து வருஷம் கட்டணும். இன்னொண்ணு வாங்கணும்னா... வாங்கலாம். யோசிக்கணும்."

அம்மா யோசிக்கிறேன் என்றால் ஆஸ்துமா மருந்தைப் பாதியாகக் குறைக்கப் போகிறாள் என்று அர்த்தம். பிள்ளைகள் இருவருக்கும் அது தெரியும். இருவருமே சில்லியைப் பார்த்தார்கள்.

"அப்ப பல்லே பாக்குறேன்," என்றாள் ஐவி கடைசியில். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள்.

கேலனுக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

*

மறு வாரம் வின்ஸ்லோ போன் செய்தார்.

"வழி கண்டுபிடிச்சுட்டோம். கணக்கெடுப்புல நாங்க கேக்கிறது ஒரே ஒரு கேள்விதான். மார்ச் ரெண்டாவது வாரம் நீங்க என்ன சம்பளம் வாங்குனீங்க? அத அம்பத்திரண்டால பெருக்கிப் போடுவோம். அதனால மார்ச்ல ரெண்டு வாரம் நீங்க எங்ககிட்ட வேல பாருங்க. வருஷத்துக்கு அறுபதாயிரத்துத் தொள்ளாயிரம் கணக்குல தர்றோம்."

"அதென்ன சார் தொள்ளாயிரம்? அறுபத்தொண்ணாக் குடுத்துருங்களேன்."

"முடியாது. ஒமாஹாவுல இன்சூரன்ஸ் கம்பெனில ஒரு பொண்ணு அறுபத்தோராயிரம் வாங்குது. அவங்கதான் ஆறாவது ஆள். நீங்க அவங்களத் தாண்டிட்டா நடு ஆள் அவங்களா ஆயிருவாங்க. அவங்க போட்டோவுக்கு நிக்க மாட்டாங்க. நாங்க கூப்பிட்டா போன வச்சிடுறாங்க."

"சார், இது பொய்யில்லையா?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. மனம் புண்பட்டவருடைய மூச்சு.

"நாங்க தர்ற செக்கு பாங்குல செல்லும். செல்லுற செக்கு எப்படிப் பொய்யாகும்?"

கேலன் கணக்குப் போட்டான். இரண்டு வாரச் சம்பளம் வந்தால் விட்டுப்போன தவணை இரண்டும் தீரும். டுவெய்ன் லீவு கொடுத்தார். "போயிட்டு வா பொருளாதாரம். மார்ச்சுல எவன் டயர் மாத்துறான்?"

வெற்றித் துறை அலுவலகத்தில் அவனுக்குத் தனி அறை, கதவில் பெயர்: 'வருமானச் சிறப்பு ஆய்வாளர்'. முதல் நாள் காலை எட்டு மணிக்கு வந்து கணினியைத் திறந்து உட்கார்ந்தான். பத்து மணி வரை யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. போய்க் கேட்டான்.

"நான் என்ன வேல செய்யணும் சார்?"

"சம்பாதிக்கணும்," என்றார் வின்ஸ்லோ. "அதுதான் வேல."

தினமும் ஒன்பது மணிக்குக் கூட்டம். எல்லோரும் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, பல்கலைக்கழகத்தின் குறிக்கோளைச் சொல்வார்கள்: "ஒவ்வொரு மாணவனையும் அவனுடைய எண்ணாக மலரச் செய்வோம்." பிறகு மூலையில் தொங்கிய பித்தளை மணிக்குக் கீழே வந்து நிற்பார்கள். யாராவது ஒரு பட்டதாரியின் சம்பளம் உயர்ந்ததாகச் செய்தி வந்தால் அந்த மணியை அடிக்க வேண்டும். கேலன் வந்த நாளில் அடித்தார்கள். அடித்ததும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அடிக்கிறார்களாம்.

இரண்டாம் வாரம் விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள். கேலனுக்குக் கோட்டு மாட்டினார்கள். பக்கத்தில் எழுதப்போகும் எண்கள் ஒரு அட்டையில் இருந்தன. சம்பளம் 60,900. கடன் 24,000.

"கடன் இருபத்திநாலு மட்டும் இல்லியே சார்," என்றான் கேலன். "என் பேர்ல அது. எங்கம்மா பேர்ல நாப்பத்தோராயிரம் இருக்கு. அதுவும் இந்தப் படிப்புக்குத்தான் வாங்குனது."

வின்ஸ்லோ அவன் தோளில் கைபோட்டு ஜன்னல் ஓரம் அழைத்துப்போனார்.

"கேலன், இத நல்லாப் புரிஞ்சுக்கணும். மாணவன் வாங்குனா அது மாணவர் கடன். அம்மா வாங்குனா அது மாணவர் கடன் இல்ல. அது தாய்ப் பாசம். பாசத்த எப்படி எண்ணால எழுதுறது? எழுதுனா அந்த அம்மாவ அவமானப்படுத்துற மாதிரி ஆகாதா?"

காமிரா மின்னியது. கேலன் சிரித்தபடி இருந்தான். சிரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

*

ஏப்ரலில் நெடுஞ்சாலை எண்பதின் ஓரத்தில் பலகை எழுந்தது. நாற்பது அடிக்குக் கேலன். அப்போது அவன் பழைய கவுண்டரில் பழைய முப்பத்திநாலுக்கு உட்கார்ந்திருந்தான். வந்த வாடிக்கையாளர்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

"உன்ன மாதிரியே ஒருத்தன் கோட்டு போட்டுகிட்டு ரோட்டுல நிக்கிறான்டா," என்றார் டுவெய்ன். "அவன்கிட்ட கடன் கேட்டுப் பாரேன்."

டுவெய்ன் சிரித்தார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் நடந்தது அதைவிட மோசம்.

அம்மா பலகைக்குக் கீழே வேனை நிறுத்தி, இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடா. நான் உன்ன என்னென்னவோ நினைச்சுட்டேன்," என்று அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வெங்காய வாசனை அடித்தது. அவனை அவள் அப்படி அணைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அந்த நிமிடம் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஐவி அரசுக் கல்லூரிக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

மறுநாள் கேலன் உண்மையைச் சொன்னான். ரெண்டு வாரம்தான், வேலையே இல்லாத வேலை, எண்ணுக்காகக் கொடுத்தார்கள், இப்போது மறுபடி டயர் கடை. ஐவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ரோட்டுல பொய்யா எழுதியிருக்காங்க. ஒரு பல்கலைக்கழகம். நீ சொல்றது உண்ம."

"ஆமா."

"சம்பளச் சீட்டக் காட்டு."

போய் எடுத்துவந்தான். கடந்த சில மாதங்களில் அவன் கைக்கு வந்த ஒரே சம்பளச் சீட்டு அதுதான். டுவெய்ன் கையில் காசாகவே கொடுப்பவர். சீட்டில் மவுண்ட் கில்பர்ட் முத்திரை, ஆண்டுச் சம்பளம் அறுபதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஐவி படித்தாள். அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவும் படித்தாள்.

"நல்ல வேல கெடச்சிருக்கு, நீ ரெண்டே வாரத்துல விட்டுட்டு வந்துட்ட," என்றாள் ஐவி. "எப்பவும் போல. உன்னால எதையும் முடிக்க முடியாது. நான் மட்டும் முடிச்சிடக் கூடாதுன்னு பாக்கிற."

அம்மா சீட்டை மடித்து மேஜையில் வைத்தாள். அவன் பக்கத்துக்கு வரவில்லை. மவுண்ட் கில்பர்ட்டில் சேர மே ஒன்றாம் தேதிக்குள் முன்பணமும் பெற்றோர் கடனுக்குச் சம்மதமும் தர வேண்டும். கடன் நாற்பத்தெட்டாயிரம்.

*

மே ஒன்றாம் தேதி ஊர் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதியில் அப்படித்தான். பட்டாளத்தில் சேர்பவன் பட்டாளச் சட்டை, எங்கும் சேராதவன் சாதாரணச் சட்டை. சாதாரணச் சட்டைக்காரர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐவி ஊதா நிற மவுண்ட் கில்பர்ட் சட்டையில் முன்வரிசையில் இருந்தாள்.

மேடையில் வின்ஸ்லோவும் சிறப்பு விருந்தினர் கேலனும். அவன் வர மறுத்திருக்கலாம். இன்று விட்டால் அம்மா நள்ளிரவுக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்பதால் வந்தான்.

மைக்கைப் பிடித்தான்.

"என் சம்பளம் அறுபதாயிரம் இல்ல," என்றான். "முப்பத்திநாலு. டயர் கடைல. அங்க ரோட்டுல எழுதியிருக்கிறது ரெண்டு வாரத்துக்கு மட்டும் குடுத்தது. கடனும் இருபத்திநாலு இல்ல. எங்கம்மாவோட சேத்தா அறுபத்தஞ்சு. கையெழுத்துப் போடறவங்க தெரிஞ்சுகிட்டுப் போடுங்க."

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு குழந்தை மட்டும் ரோல் கேட்டு அழுதது.

வின்ஸ்லோ பதறவில்லை. ஓரமாகப் போய் மூன்று நிமிடம் போனில் பேசினார். திரும்பி வந்தபோது அதே அளவுச் சிரிப்பு இருந்தது.

"நண்பர்களே. நேர்மைதான் எங்கள் உயிர். மிஸ்டர் டிராபர் சொன்னத நாங்க உடனே, இப்பவே, ஆராஞ்சோம். வருத்தமான ஒரு உண்ம தெரியவந்திருக்கு. எங்க நிறுவனர் கில்பர்ட் வச்ச விதிப்படி, பட்டம் வாங்குற ஒவ்வொருத்தரும் நீச்சல்குளத்த ஒரு தடவ குறுக்கே நீந்திக் காட்டணும். மிஸ்டர் டிராபர் நீந்தல."

"குளத்துல தண்ணியே இல்ல!" என்று கத்தினான் கேலன். "நான் படிச்ச நாலு வருஷமும் காலி! மேல மூடி கார் நிறுத்துனீங்க!"

"தண்ணி இல்லாததால விதி இல்லாமப் போயிராது," என்றார் வின்ஸ்லோ அன்பாக. "அவருக்குக் குடுத்த பட்டம் தவறுதலாக் குடுத்தது. இன்னிக்கு அத ரத்து பண்றோம். அவரு எங்க பட்டதாரியே இல்ல. அதனால அவர் சம்பளம் கணக்குல சேராது. மீதி எட்டுப் பேர். நடுவுல நிக்கிறவங்க ரெண்டு பேர், முப்பத்தோராயிரமும் அறுபத்தோராயிரமும். கூட்டிப் பாதியாக்குனா நாப்பத்தாறாயிரம்! உண்மையச் சொன்னதால எங்க எண்ணு முப்பத்திநாலுலேர்ந்து பன்னிரண்டாயிரம் ஏறியிருக்கு. இதவிட நேர்மைக்கு என்ன பரிசு வேணும்?"

யாரோ கைதட்டினார்கள். பழக்கம். பிறகு பலர் தட்டினார்கள்.

சமையலறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து லோரெட்டா வெளியே வந்தாள். கையுறையைக் கூடக் கழற்றவில்லை. அன்று சில்லி அவள் பொறுப்பு.

"பட்டம் போயிருச்சுன்னா நான் வாங்குன கடன்?"

"அம்மா, அது வேற துறை."

"பட்டமே இல்லன்னு சொல்றீங்க. அப்ப காசத் திருப்பித் தருவீங்களா?"

"நாலு வருஷம் படிச்சது படிச்சதுதானேம்மா? அனுபவத்த நாங்க திருப்பிக் கேட்டோமா?"

வின்ஸ்லோ அவளுக்குத் தலைவணங்கினார். அடுத்த பெற்றோரைப் பார்த்துக் கையை நீட்டினார். மவுண்ட் கில்பர்ட்டின் கையெழுத்து மேஜை முன் நின்ற வரிசையிலிருந்து இரண்டு குடும்பங்கள் விலகின. மற்றவர்கள் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள்.

*

வேனில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஸ்டியரிங்கில். ஐவி பக்கத்தில். கேலன் பின்னால், ரோல் தட்டுகளுக்கு நடுவில். பட்டம் இல்லாத முதல் அரைமணி நேரம் முந்தைய நாலு வருடத்திலிருந்து எந்த விதத்திலும் வேறுபடவில்லை என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அம்மாவின் போன் அவள் மடியில் திறந்திருந்தது. திரையில் நாற்பத்தெட்டாயிரம் டாலர், கீழே பச்சை நிறத்தில் 'சம்மதிக்கிறேன்'. நள்ளிரவு வரை நேரம் இருந்தது.

"நீ எல்லார் முன்னாடியும் என்ன அசிங்கப்படுத்திட்ட," என்றாள் ஐவி திரும்பிப் பார்க்காமல். குரல் உடைந்திருந்தது.

"தெரியும்."

"அந்த ஆளு சொன்னது அநியாயம். அது எனக்கும் தெரியுது. ஆனா அவங்க இப்ப புதுக் குளம் கட்டிட்டாங்க. நான் சுத்திப் பாக்கப் போனப்பவே காட்டுனாங்க." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு நீச்சல் தெரியும் கேலன். நான் முடிச்சிடுவேன்."

கேலன் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவும் பேசி, பட்டத்தையும் கொடுத்துவிட்டு, கடைசியில் தங்கை புரிந்துகொண்டது இதுதான். தப்பு அவனுடையது. அவனுக்குத்தான் நீந்தத் தெரியவில்லை.

அம்மா போனைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் பச்சை எழுத்துக்கு மேலே வந்து நின்றது. ஐவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்மா," என்றாள் லோரெட்டா. "நீ முடிச்சிடுவ. கெட்டிக்காரி. கட்டப்போறது நான்ல? எனக்கு அம்பத்தாறு வயசாகுது. என்னால இன்னொரு தடவ முடியாது. மூச்சு இல்ல."

போனை அணைத்து டாஷ்போர்டு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஐவி டப்பாவின் பிடியில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையை விலக்கவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

ஊருக்குள் வரும்வரை ஐவி அந்தப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. திறக்கவும் இல்லை.